எர்த்ஸீ மறுவாசிப்பு: இந்த முறை கெட்டைவிட ஓஜியன்தான் மனதில் நிற்கிறார்

கடற்காற்று எழுதியது:

உர்சுலா கே. லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலை மறுபடி முழுசாக வாசித்து முடித்தேன். முதல்முறை வாசித்தது கல்லூரிக் காலத்தில். உனக்குப் பிடித்த ஃபேன்டஸி நாவல் எது என்று யார் கேட்டாலும் அன்றிலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறேன். இப்போது திரும்பிப் போனால், கதை அதேதான், என் கண் மட்டும் வேறு ஆட்கள் பக்கம் போகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச ஆசை. முடிவு வரை எல்லாவற்றையும் தொடுவேன், அதனால் இன்னும் வாசிக்காதவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

1968-இல் வந்த நாவல் இது. பெர்க்லியில் இருந்த பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகம், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்று எழுதித் தரும்படி லெ குவினிடம் கேட்டது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் கிழவர்களாகவே இருக்கிறார்களே, இவர்கள் பையன்களாக இருந்தபோது எங்கே போய் இதையெல்லாம் கற்றார்கள் என்று அவருக்குத் தோன்றியதாம். அங்கிருந்துதான் கெட் வந்தான். எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில், கோன்ட் தீவில் ஆடு மேய்க்கும் பையன், தாய் இல்லாதவன், அப்பா வெண்கலக் கொல்லர். கையில் பெரும் சக்தி, கூடவே பெரும் திமிர். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஜாஸ்பர் என்பவனோடு வீம்புக்குப் போய், செத்துப்போன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியாக நிழல் ஒன்று வெளியே பாய்கிறது. அப்புறம் அவன் அதற்குப் பயந்து ஓடுவதும், பிறகு அதையே துரத்திக்கொண்டு போவதும்தான் மீதிக் கதை.

கல்லூரிப் பையனாக நான் வாசித்தது அந்தத் துரத்தலை. இந்த முறை அந்த வேகம் என்னைப் பிடிக்கவில்லை. முதல் அத்தியாயங்களிலேயே ஓஜியனிடம் நின்றுவிட்டேன். பூகம்பத்தை அடக்கியவர் என்று தீவே பயபக்தியோடு பேசும் மந்திரவாதி, மழை வந்தால் மரத்தடியில் படுத்து நனைகிறார். மேகத்தை விலக்க ஒரு சொல் போதும் அவருக்கு, சொல்வதில்லை. சின்னக் கெட்டுக்கு எரிச்சலாக வருகிறது, நனைவதற்கா மந்திரம் கற்றோம் என்று. வழியோரச் செடி ஒன்றைக் காட்டி அதன் பெயரைச் சொல்கிறார் குரு. பையன் உடனே கேட்பது, இதனால் என்ன பயன். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்கிறார். எல்லாப் பருவத்திலும் அதன் வேரையும் இலையையும் பூவையும் பார்த்துப் பழகு, பயனைவிட அது எதுவாக இருக்கிறது என்று தெரிவது பெரிது என்கிறார்.

அந்த வயதில் எனக்கும் அது வெறும் தாமதமாகத்தான் பட்டது, சீக்கிரம் ரோக் போகமாட்டானா என்று பக்கம் புரட்டியது நினைவிருக்கிறது. இப்போது பார்த்தால் நாவலில் கெட் பண்ணப்போகும் எல்லாப் பிழைக்கும் மாற்று அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குரு அதைத் திணிக்கவும் இல்லை. பொறுமையில்லாத பையன் ரோக் போகிறேன் என்றதும், கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவைக்கிறார். தடுக்க முடிந்தும் தடுக்காத ஒரு மனிதரை எழுதுவது லேசான காரியம் இல்லை.

இன்னொரு இடம். நிழலைத் துரத்தும்போது கெட்டின் படகு ஒரு மணல்திட்டில் மோதி உடைகிறது. அங்கே ஒரு கிழவரும் கிழவியும். குழந்தைகளாக இருந்தபோது யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அண்ணன் தங்கை போல. வெளி மனிதர்களையே பார்க்காமல் வாழ்ந்து முதிர்ந்தவர்கள், இவனைக் கண்டாலே நடுங்குகிறார்கள். கிழவிக்கு மட்டும் மெல்ல மெல்லப் பயம் விட்டுப்போகிறது. தன் பொக்கிஷத்தை எடுத்துக் காட்டுகிறாள்: முத்து தைத்த ஒரு குழந்தைச் சட்டை, அதில் அரச குலத்து முத்திரை. அப்புறம் ஒரு உடைந்த வளையத் துண்டைக் கொண்டுவந்து அவன் கையில் திணிக்கிறாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கெட் சைகையில் கேட்கிறான், கிழவர் மறுத்துவிடுகிறார். தன்னால் ஆனது என்று அவர்களுடைய உப்புக் கரிக்கும் ஊற்றை நல்ல தண்ணீராக மாற்றிவிட்டுக் கிளம்புகிறான். பின்னாளில் மாலுமிகள் அந்த ஊற்றை வைத்தே திட்டுக்குப் பெயர் சொல்வார்கள், ஆனால் குடிசையும் இல்லை, அங்கே வாழ்ந்து தனியாக இறந்தவர்களின் சுவடும் இல்லை என்று ஆசிரியர் சில வரிகளில் முடித்துவிடுகிறார்.

அந்த வளையத் துண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று அடுத்த நாவலில்தான் தெரியும். முதல் வாசிப்பில் கெட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவனைப் போலவே நாமும் அவசரத்தில் கடந்துபோகிறோம். இப்போது அந்தக் கிழவி எழுந்து போய் வளையத்தைக் கொண்டுவரும் வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கெட் கடந்துபோன ஆட்கள்தான் இந்த வாசிப்பு முழுக்க என்னோடு வந்தார்கள். உங்களில் மறுபடி வாசித்தவர்களுக்கு யார் வந்தார்கள்?

இரவுப்பணி எழுதியது:

எனக்குப் பெச்வாரி. லோ டார்னிங்கில் கெட்டுக்கு நண்பராகும் படகு கட்டுபவர்.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இந்த நாவலை முதலில் வாசித்தபோது இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. பெச்வாரியின் மகன் காய்ச்சலில் கிடக்கிறான், கெட்டைக் கூப்பிடுகிறார்கள். பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, பிள்ளை பிழைக்காது என்று. ரோக்கில் மூலிகை ஆசான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: காயத்தை ஆற்று, நோயைத் தீர், ஆனால் போகிற உயிரைப் போக விடு. பாடம் தெரிந்தவன்தான். ஆனால் அப்பாவும் அம்மாவும் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அவனுக்கு. தன் கணிப்பையே சந்தேகப்படுகிறான். ஒருவேளை காப்பாற்றிவிடலாமோ என்று குழந்தையின் உயிரைத் தேடி, இருட்டில், இறந்தவர்களின் நாட்டுக்குள் பின்னாலேயே போகிறான். குழந்தை சரிவில் வேகமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இவனால் எட்ட முடியவில்லை. திரும்பும் வழியில், எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிழல் காத்திருக்கிறது.

முன்பு இதை ஒரு வீரச்செயலாகத்தான் வாசித்தேன். இப்போது அந்தப் பெற்றோரின் பார்வைதான் தெரிகிறது. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்த உண்மையைச் சொல்ல வாய் வராமல், இன்னும் ஒன்று முயற்சி பண்ணலாம் என்று கிளம்பும் கால்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கெட்டைத் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. அன்பினால் எல்லையைத் தாண்டினான், விலை கொடுத்தான், பிள்ளையும் பிழைக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

அவன் செத்தவன் போலக் கிடக்கும்போது, அந்தச் சின்ன ஓடக் என்ற பிராணி முகத்தை நக்கி நக்கி எழுப்புகிறதே, அந்தப் பகுதியை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு உயிரைத் திரும்ப அழைக்க மந்திரம் தோற்ற இடத்தில் அது நடக்கிறது. அதைப் பார்த்த பிறகு, உண்மையான ஞானி எந்த உயிரையும் தன்னிலிருந்து தனியாக வைக்கமாட்டான் என்று கெட் நம்பத் தொடங்குகிறான்.

மழைநாள் எழுதியது:

கடற்காற்று, நீங்கள் சொன்ன ‘கெட் கடந்துபோன ஆட்கள்’ வரிசையில் அவனுடைய பெரியம்மாவை விட்டுவிட்டீர்கள். அவனுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கொடுத்தது அந்த ஊர் மந்திரக்காரிதான், ஓஜியன் இல்லை. ஆடுகளை அழைக்கும் சொல், பருந்தை அழைக்கும் பெயர், எல்லாம் அவளிடம் கற்றது. ஆனால் நாவல் அவளைப் பற்றிப் பேசும் தொனியைக் கவனியுங்கள். அறியாமை, அரைகுறை, பாதி ஏமாற்று. கோன்ட்டில் இரண்டு பழமொழி உண்டு என்று அங்கேயே வரும், பெண்ணின் மந்திரம் பலவீனமானது என்று ஒன்று, கெட்டது என்று இன்னொன்று. ரோக் பள்ளியில் ஒரு பெண் கிடையாது. கதையில் அறிவும் ஆசையும் உள்ள பெண் என்றால் செர்ரெட், அவள் வலை விரிப்பவள். நல்ல பெண் என்றால் ‘யாரோ’ (Yarrow) என்ற பெயருடைய, கெட்டின் பள்ளி நண்பன் வெட்சின் தங்கை, அவள் அடுப்படியில் ரொட்டி சுடுகிறாள்.

பதினாறு வயதில் வாசித்தபோது நான் கெட்டாகவே மாறி வாசித்தேன், எதுவும் உறுத்தவில்லை. போன வருடம் திரும்ப வாசித்தபோது அந்தப் பழமொழிகள் வரும் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிடித்த புத்தகம் நம்மை வாசலில் நிறுத்துவது கஷ்டமாக இருக்கிறது.

மறுபடி எடுக்க வைத்தது ‘டெஹானு’. 1972-இல் ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ வந்து மூன்று நாவல்களோடு எர்த்ஸீ முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, 18 வருடம் கழித்து 1990-இல் லெ குவின் நான்காவதை எழுதினார். அதில் பெரும்பாலும் சமையலறை, ஆட்டுக்கொட்டில், தீக்காயத்தோடு ஒரு சிறுமி, இரண்டாவது நாவலின் நாயகி, இப்போது விதவையான டெனார், பக்கத்தில் அழுக்கும் அன்புமாக மாஸ் என்ற மந்திரக்காரி. முதல் நாவலில் கடைசிப் படியில் நின்ற அதே மாதிரி மனுஷி இங்கே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறாள். ஏன் பெண்களுக்கு ரோக் இல்லை, ஆணின் சக்தி என்றால் என்ன, பெண்ணுடையது என்றால் என்ன என்று டெனார் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

என்னைப் பொறுத்தவரை எர்த்ஸீயை மிக நேர்மையாக மறுபடி வாசித்த ஆள் லெ குவின்தான். தன் பழைய புத்தகத்தில் ஒரு வரியைக்கூட அவர் அழிக்கவில்லை. அந்தப் பழமொழிகள் அங்கேயேதான் இருக்கின்றன. அதே தீவுக்குத் திரும்பிப் போய், அங்கே முன்பு யார் கண்ணில் படவில்லை என்று தேடினார். 2001-இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரோக் பள்ளி உருவானதில் பெண்களுக்கும் கை இருந்தது என்று ஒரு கதை. கடற்காற்று சொன்ன அந்தப் பூகம்பம் பற்றியும் ஒரு கதை உண்டு: ஓஜியனின் குரு ஒருவர் மலைக்குள் இறங்கித் தன்னையே கொடுத்துத்தான் அதை அடக்கினார், ஓஜியன் வெளியே நின்று துணை செய்தார், ஊர் பேரை மட்டும் ஓஜியனுக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் குருவுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? ஒரு பெண். 1968-இல் ஒரு பெருமைப் பெயராக மட்டும் வந்ததை, அத்தனை வருடம் கழித்து எடுத்துப் பிரித்திருக்கிறார்.

பழங்கப்பல் எழுதியது:

மழைநாள், உங்கள் வாசிப்பை மதிக்கிறேன், ஆனால் எனக்கு ‘டெஹானு’ ஒட்டவில்லை. சொல்லிவிடுகிறேன்.

எர்த்ஸீ எனக்கு முதலில் கடல். லெ குவின் முதலில் வரைபடத்தை வரைந்துவிட்டுத்தான் கதைக்குப் போனார், அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எந்தக் காற்றில் போகலாம், மந்திரக் காற்றைப் பாயில் பிடித்தால் படகு எப்படி நடுங்கும், பலகைகள் மந்திரத்தால் மட்டும் ஒட்டியிருக்கும் படகில் ஒரு கணம் கவனம் தப்பினால் என்ன ஆகும், எல்லாம் கையால் தொடுவது போல இருக்கும். வெட்சும் கெட்டும் கிழக்கே கடைசித் தீவையும் தாண்டி, வரைபடம் முடிந்த பிறகும் போகிறார்களே, அந்த அத்தியாயத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். தண்ணீர் மணலாக மாறி, கெட் படகை விட்டு இறங்கி நடந்து, நிழலுக்குத் தன் பெயரையே சொல்லும் இடத்துக்கு இணையான முடிவு எனக்குத் தெரிந்த எந்த ஃபேன்டஸியிலும் இல்லை. எதிரியைக் கொல்லாமல் முடிகிற கதை. பெரிய போர்க்களம் ஒன்றுகூட இல்லாத கதை. படையெடுப்பு என்று வருவது முதல் அத்தியாயத்திலேயே மூடுபனியில் முடிந்துவிடுகிறது.

நான்காவது புத்தகத்தில் இந்தக் கடல் போய்விடுகிறது. கெட் சக்தி எல்லாம் இழந்து, வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும் ஆளாக வருகிறார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு மனமில்லை. அதைவிட முக்கியமாக, பின்னால் வந்த புத்தகங்களை வைத்து முதல் புத்தகத்தைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்கிறேன். அது தன் அளவில் முழுமையானது. ஒரு இளைஞன் தன் இருட்டைத் தனதென்று ஏற்கும் கதை. அதற்குள் எல்லாரையும் எதிர்பார்க்க முடியாது.

கடற்காற்று எழுதியது:

பழங்கப்பல் அண்ணா, கடல் விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம் நிற்கிறேன். அந்தக் கடைசிப் பயணத்தில் எனக்கு இன்னொன்று சேர்ந்து தெரிந்தது: வெட்சின் பயம். பள்ளியில் எல்லாரும் கெட்டைத் தாண்டிப் போய்விட்டபோது, வடுப்பட்ட முகத்தோடு பேச்சு திக்கிக்கொண்டிருந்தவனிடம் வந்து தன் மெய்ப்பெயரைச் சொன்னவன் வெட்ச். எர்த்ஸீயில் மெய்ப்பெயரைக் கொடுப்பது உயிரைக் கையில் கொடுப்பதற்குச் சமம். அதே வெட்ச் கடைசியில் படகில் தனியாக நிற்கிறான். அங்கே மணலில் ஜெயித்தது நண்பனா, நண்பனின் உடலுக்குள் புகுந்த நிழலா என்று தெரியாமல், தேவைப்பட்டால் அவனையே அழிக்கத் தயாராகிறான். ஒரு சில வரிதான். முதல்முறை என் கவனம் முழுக்கக் கெட் மேல் இருந்ததால் அந்த வரிகள் நினைவிலேயே இல்லை.

கெட் சக்தி இழப்பது ‘டெஹானு’வில் இல்லையே அண்ணா, ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ முடிவிலேயே இழந்துவிடுகிறார். இறந்தவர்களின் நாட்டில் திறந்துகிடந்த கதவை மூட எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறார், அப்புறம் கலெஸ்ஸின் என்ற டிராகனின் முதுகில் ஊருக்குப் போகிறார். அந்தக் காட்சியை நாம் கைதட்டி ரசித்தோம். அடுத்த நாள் காலை அந்த மனிதர் எழுந்து என்ன செய்வார் என்று கேட்கத் துணிந்தது நான்காவது நாவல்தான். அவர் போய் மலையில் ஆடு மேய்க்கிறார். சின்ன வயதில் எதை விட்டு ஓடினாரோ அந்த வேலை. எனக்கு அது அவமானமாகத் தெரியவில்லை. ஓஜியன் காட்டிய செடியின் பக்கத்துக்கு வந்து சேர ஒருவருக்கு அவ்வளவு சுற்று தேவைப்பட்டிருக்கிறது.

தெற்குவாசல் எழுதியது:

இரண்டாவது நாவலை யாருமே பேசவில்லையே. ‘தி டூம்ஸ் ஆஃப் அடுவான்’, 1971. எனக்கு மறுவாசிப்பில் முதல் நாவலையும் தாண்டி வளர்ந்தது இதுதான். முதல் புத்தகத்தில் நாம் கெட்டின் கூடவே வருகிறோம். இரண்டாவதில் அவர் பாதிக் கதை போன பிறகுதான் வருகிறார், அதுவும் நிலத்தடிச் சுரங்கத்தில் தாகத்தோடு அலையும் அந்நியத் திருடனாக, மேலிருந்து ஒரு துளை வழியாக டெனார் பார்க்கும் உருவமாக. அவருடைய புகழ் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளோ சின்னஞ்சிறு வயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு, பெயரையும் பறிகொடுத்து, இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக வளர்ந்தவள். அந்த மணல்திட்டுக் கிழவி கொடுத்த வளையத்தின் மறுபாதி இங்கேதான் கிடைக்கிறது. கெட் அந்தக் கிழவியைப் பற்றி டெனாரிடம் சொல்லும்போது, கடற்காற்று சொன்ன அதே குழந்தைச் சட்டை திரும்ப வருகிறது.

தப்பித்து வெளியே வந்த பிறகு டெனார் சந்தோஷமாக இருப்பதில்லை, அதுதான் இந்த முறை என்னை உலுக்கியது. அழுகிறாள். கோபப்படுகிறாள். கடற்கரையில் கத்தியோடு கெட்டின் பக்கத்தில் போய் நிற்கிறாள். விடுதலை கிடைத்ததும் பாட்டு போட்டு முடிக்காமல், அது எவ்வளவு பெரிய சுமை என்று அந்தக் கடைசிப் பக்கங்களில் லெ குவின் எழுதுகிறார்.

இன்னொரு விஷயம், தோல் நிறம். கெட் செம்பழுப்பு. வெட்ச் கறுப்பு. தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலானோர் இப்படித்தான். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக வருவது ஊரைக் கொளுத்த வரும் கார்காட் படையினர். 1968-இல் இதை எந்த முழக்கமும் இல்லாமல், போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிவைத்தார். நான் முதலில் படித்த நூலகப் பிரதியின் அட்டையில் வெளுத்த பையன்தான் இருந்தான், அவனையே மனதில் வைத்துக் கதையை ஓட்டினேன். இப்போது வாசிக்கையில் அந்த அட்டை முகம் உதிர்ந்துபோய், என் நிறத்துப் பையன் ஒருவன் கோன்ட் மலையில் ஆடுகளோடு நிற்கிறான். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளையாக்கியபோது லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். அவர் 2018 ஜனவரியில் காலமானார். அதே வருடம் சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு எல்லாக் கதைகளும் ஒரே பெரிய தொகுப்பாக வந்தன, அவற்றுக்காக வெஸ்ஸோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அதில் கெட் கெட்டாகவே இருக்கிறார்.

சிட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த நாவலை இப்போதுதான் முதல்முறை முடித்தேன். உண்மையைச் சொன்னால் நீங்கள் எல்லாரும் சொல்கிற அளவுக்கு எனக்கு உள்ளே போக முடியவில்லை. எல்லாமே தூரத்தில் நடப்பது போல இருக்கிறது. உரையாடல் குறைவு. வருடங்கள் ஒரு பத்தியில் ஓடிவிடுகின்றன. முதல் பக்கத்திலேயே இவன் பெரிய மந்திரவாதி ஆகப்போகிறான் என்று சொல்லிவிட்டால், பிறகு அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றம் எப்படி வரும்? நிழல் வரும் இரவும் டிராகன் அத்தியாயமும் மட்டும் ரொம்பப் பிடித்தன. அடுத்த புத்தகங்களுக்குப் போகலாமா வேண்டாமா என்று குழப்பம்.

கடற்காற்று எழுதியது:

சிட்டு, நீங்கள் பிடித்தது சரியான இடம். அந்த முதல் பத்தியை நானும் இந்த முறை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டின் பெருமையைப் பாடல்கள் பாடுகின்றன, இது அந்தப் புகழுக்கு முந்தைய கதை, பாடல்கள் உருவாவதற்கு முன்னால் நடந்தது என்று தொடங்குகிறது. கடைசிப் பக்கத்தில் பார்த்தால், இந்த நிழல் வேட்டை அந்தப் பெரிய காவியத்தில் இல்லவே இல்லை என்று முடிகிறது. அதாவது முடிவு தெரிந்த ஒருவர், ஊர் மறந்துபோன ஒன்றை நமக்குச் சொல்கிறார். அவன் பிழைப்பானா என்பது கேள்வியே இல்லை. எப்படிப்பட்ட ஆளாகப் பிழைப்பான் என்பதுதான் கேள்வி. அதனால்தானோ என்னவோ, முடிவு தெரிந்து திரும்பி வரும் வாசகருக்கு இந்த நாவல் அதிகம் கொடுக்கிறது.

தூரம் பற்றிச் சொன்னதும் உண்மை. பழைய வரலாற்றுக் கதை சொல்லும் குரல் அது, யாருடைய மனதுக்குள்ளும் ரொம்ப நேரம் உட்காராது. எனக்கு அந்தக் குரல் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. இரண்டாவது நாவலின் குரல் வேறு. மூச்சு விடுவது கேட்கும் அளவுக்கு டெனாருக்குப் பக்கத்தில் இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

பழங்கப்பல் அண்ணாவின் கேள்விக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் வந்த புத்தகத்தை வைத்து முன்னாலுள்ளதை வாசிக்கலாமா என்று கேட்டார். என்னால் அப்படி வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

பெச்வாரியின் பிள்ளை ஓடிய அந்தச் சரிவு, இறந்தவர்களின் வறண்ட நாட்டுக்குள் போகிறது. மூன்றாவது நாவலில் கெட்டோடு பயணம் போகும் இளவரசன் ஆரென் அங்கே போய்ப் பார்க்கிறான். நகராத நட்சத்திரங்கள், சூடில்லாத அடுப்புகள். ஒன்றாகச் செத்துப்போன தாயும் குழந்தையும் அங்கே இருக்கிறார்கள், ஆனால் குழந்தை ஓடுவதில்லை, அழுவதில்லை, தாய் அதைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. காதலுக்காக உயிர் விட்டவர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் கடந்து போகிறார்கள். வேலைக்கு வந்த பிறகு அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு ஆசிரியர் மேலேயே கோபம் வந்தது. பெச்வாரியின் பிள்ளை போனது இங்கேயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

2001-இல் ‘தி அதர் விண்ட்’ எழுதியபோது லெ குவினுக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. உடைந்ததை ஒட்டவைக்கும் சின்ன மந்திரம் தெரிந்த ஆல்டர் என்பவர் வருகிறார். மனைவியை இழந்தவர். இரவு தூங்கினால் அந்தக் கல்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி, எங்களை விடுவி என்று கேட்கும் இறந்தவர்கள். அந்த நாடே ஒரு பழைய தவறு என்று கடைசியில் தெரிகிறது. சாகாமல் இருக்க ஆசைப்பட்ட மந்திரவாதிகள் டிராகன்களின் நிலத்தைப் பறித்துக் கட்டிய வேலி அது. சுவரை இடித்துவிடுகிறார்கள். கல் கல்லாக. இறந்தவர்கள் வெளியே வந்து கரைந்து போகிறார்கள்.

அதை முடித்த கையோடு முதல் நாவலின் லோ டார்னிங் அத்தியாயத்துக்குப் போனேன். ஒரு வரியும் மாறவில்லை, பிள்ளை இன்னும் சரிவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எங்கே போய்ச் சேரும் என்று இப்போது எனக்குத் தெரியும். தான் கட்டிய சுவரை 33 வருடம் கழித்து அதே கையால் இடித்த எழுத்தாளருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

பழங்கப்பல் எழுதியது:

தங்கச்சி, ‘தி அதர் விண்ட்’ நான் இன்னும் வாசிக்கவில்லை. நான்காவதோடு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் சொன்ன பிறகு வாசிக்காமல் இருக்க முடியாது. ‘டெஹானு’ பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. வாசித்துவிட்டு வந்து மறுபடி சண்டை போடுகிறேன்.

மழைநாள் எழுதியது:

வாருங்கள் அண்ணா, காத்திருக்கிறேன். ‘டெஹானு’வை ஒருமுறை மாஸுக்காக மட்டும் வாசித்துப் பாருங்கள், கெட்டை மறந்துவிட்டு.

சிட்டு, உங்களுக்கு என் யோசனை: தயங்காமல் ‘டூம்ஸ் ஆஃப் அடுவான்’ எடுங்கள். கெட் எப்போது வருவார் என்று காத்திருக்காதீர்கள். பாலைவனத்துக் கோயில், டெனாரின் தோழி பென்தேவின் ஆப்பிள், டெனாரைத் தூக்கி வளர்த்த மானான், எல்லாரையும் மெதுவாகப் பாருங்கள். சுரங்கத்தின் திருப்பங்களை டெனார் மனப்பாடம் செய்யும் பக்கங்களில் நீங்களும் எண்ணிக்கொண்டு போங்கள். அது முடிந்ததும் உடனே மூன்றாவதுக்குத் தாவ வேண்டாம். முதல் நாவலில் அந்த மணல்திட்டு வரும் பக்கங்களை மட்டும் திரும்ப வாசித்துவிட்டு, என்ன தோன்றியது என்று இங்கே எழுதுங்கள்.